வால் வச்ச கத்தி

தம்பி,

நாங்க சுகம், நீ சுகமான்னு கேட்டுட்டுத்தான் மத்ததை எழுதணும். எல்லாரும் அப்பிடித்தான் ஆரம்பிக்கிறாங்க. நான் சுகமா இல்ல. நோய் நொடி ஒண்ணும் கிடையாது, நல்லாத் திங்கிறேன், நல்லா நடக்கிறேன், ஆனா உன் கடிதம் வந்ததுலேருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அடுப்புல பருப்பை வச்சுட்டு வாசலுக்குப் போறேன். வாசல்ல நின்னுக்கிட்டு எதுக்கு வந்தோம்னு யோசிக்கிறேன். அதுக்குள்ள பருப்பு அடிப்பிடிச்சு லயத்து வீடு பூரா நாறுது. உங்கப்பா கருகின பருப்பைப் பிசைஞ்சு தின்னுட்டு, தண்ணியைக் குடிச்சுட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறாரு. அதைப் பார்த்தா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது.

நீ கேட்டது சின்ன விசயந்தான். அலுவிகாரையில சொந்தமாப் பட்டறை போட்டாச்சு, கேட்டும் கிரில்லும் ஒட்டி ஒட்டி அலுத்துப் போச்சு, டவுன் கடை மொதலாளி ஒருத்தர் மிளகு சீசனுக்கு முன்னால நல்ல கத்தி செஞ்சு தந்தா அத்தனையும் எடுத்துக்கிறேங்கிறாரு, "அம்மா, நீங்க செஞ்ச கத்தியோட மாதிரியை அனுப்புங்க"ன்னு எழுதியிருக்க. எவ்வளவு லேசா எழுதிட்ட! வன்னியில சண்டை நடக்குது. ரோட்டுக்கு ரோடு ஆமிக்காரன் நிக்கிறான். இந்த நேரத்துல ஒரு தமிழ்ப் பையன் பட்டறையில உக்காந்து கத்தி அடிக்கப் போறேங்கிறான், அதுக்குப் பெத்தவ சரின்னு தலையாட்டணும். ஆட்டிட்டா உன் உசுரு, அந்தக் கத்தியை வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டு பஸ் ஏறுறவன் உசுரு, எல்லாம் என் தலையில. வேணாம்னு சொன்னா, நீ எனக்குத் தெரியாம வேற ஏதாவது ஒரு கத்தியைச் செய்வ. உன்னை எனக்குத் தெரியாதா? சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம், என்னை மாதிரியே.

நடந்த கதை உனக்கு உங்க அத்தை வாயால வந்த கதை. "உங்கம்மா செஞ்ச கத்திதான் எங்கண்ணனைக் கொண்டுபோய் உள்ள வச்சிச்சு"ன்னு அவ ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. நான் ஒரு நாளும் பதில் சொன்னதில்ல. இப்ப சொல்றேன், கேட்டுக்க. கேட்டதுக்கு அப்புறம் கத்தி செய்யிறதா வேணாமான்னு பேசலாம்.

மிளகு மலைக்கு உன்னை நான் வேலைக்கு விட்டதில்ல, அதனால உனக்கு இது தெரியாது. மிளகுக் கொடி முள்முருங்கை மரத்துல ஏறி உச்சிக்குப் போயிடும். அதுக்கு ஒத்தை மூங்கில் ஏணிதான் சாத்துவோம். ஒரு கையால மூங்கிலைக் கட்டிப் பிடிச்சாத்தான் மேல நிக்க ஏலும். மத்தக் கை ஒண்ணுதான் வேலைக்கு. செத்த கொடியை அறுக்கணும், கொடியைக் கட்டின பழைய கயித்தை வெட்டி விடணும், வெயிலை மறைக்கிற கிளையைக் கழிக்கணும். கிளை கழிக்கிற தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தியை ஸ்டோர்ல காலையில குடுத்துட்டு சாயங்காலம் திருப்பி வாங்கிக்குவாங்க, அது ஏணிக்கு லாயக்கில்லாத பெரிய சாமான். அதனால எங்க எல்லார்கிட்டயும் சொந்தமா ஒரு மடக்குக் கத்தி இருக்கும். தேர்த் திருவிழாக் கடையில வாங்குறது, மாட்டுக்கொம்புப் பிடி, சின்னதா ஒரு பித்தளை ஆணி. ஏணியில நின்னுக்கிட்டு அதை எப்பிடி விரிப்ப? ஒரு கைதானே இருக்கு. பல்லால கடிச்சு இழுத்துத்தான் விரிக்கணும். நம்ம தோட்டத்துல மிளகு மலை ஆளுங்களை முன்பல்லைப் பார்த்தே கண்டுபிடிச்சுடலாம், ஒருத்தருக்கும் முழுசா இருக்காது.

பல்லுப் போனாப் போகட்டும். அந்தக் கத்திக்கு ஒரு துரோகப் புத்தி இருக்கு. அறுக்கும்போது பேசாம இருக்கும். ஒரு கணுவுல மாட்டிக்கிட்டு நீ கொஞ்சம் குத்தி அழுத்தினியோ, படக்குன்னு மடங்கி உன் விரலையே கடிச்சுடும். என் வலது கை ஆள்காட்டி விரல் ஏன் மடங்காதுன்னு சின்ன வயசுல கேட்டிருக்க. "நண்டு கடிச்சிருச்சு"ன்னு சொன்னேன். நண்டு இல்ல, அந்த எழவுக் கத்திதான். உன்னை வயித்துல வச்சிருந்த நேரம். ரத்தம் முழங்கை வழியா ஒழுகுது, நான் ஏணியில தொங்கிக்கிட்டு இருக்கேன், கீழ நின்ன கங்காணி "என்னம்மா, கையில மருதாணியா?"ன்னு கேக்குறான். அவனை நான் கேட்ட கேள்வியை இங்க எழுத ஏலாது. டிஸ்பென்சரியில தையல் போட்டாங்க, விரல் மட்டும் குச்சி மாதிரி நின்னு போச்சு.

அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு எனக்கு. மடங்காத கத்தி வேணும். அப்ப உங்கப்பா பாக்டரியில மெசின் பழுது பார்க்கிற பிட்டர். அவருகிட்டப் போய் நின்னேன். "மடக்காத கத்திதான் வேணும்னா சமையக்கட்டுக் கத்தியைக் கொண்டுபோயேன் புள்ள"ன்னு கேலி பண்ணினாரு. கொண்டுபோகலாம். மேல ஏறும்போது வழுக்கினா அது விலாவுல இறங்கும். கைதவறி விழுந்தா கீழ கூடையோட நிக்கிறவ மண்டையில இறங்கும். ஏறும்போது மூடியிருக்கணும், மேல போனதும் ஒரே கையால வெளிய வரணும், வேலை செய்யிறப்ப மலையே வந்தாலும் மடங்கக் கூடாது. இந்த மூணையும் சொன்னதும் அவரு சிரிப்பை நிறுத்திட்டாரு. அவரு நல்ல வேலைக்காரன், ஒரு சிக்கலைச் சரியா எடுத்து வச்சா அவருக்குத் தூக்கம் வராது. அவரைத் தூங்க விடாம பண்றது எனக்குப் பிடிக்கும்னும் வச்சுக்கயேன்.

மர ஆலையில மரம் அறுக்கிற வாள் ஒடிஞ்ச துண்டு ஒண்ணு கொண்டாந்தாரு. அடுப்புல சிவக்கப் போட்டு, சாம்பலுக்குள்ள பொதைச்சு, ஒரு நாள் பூரா ஆறவிட்டா அந்த இரும்பு இளகிடும். அப்புறம் அரத்துக்கு மசியும். உள்ளங்கை அகல நீளந்தான் அலகு. நுனியை நான் வேணும்னே மழுங்கலா வளைக்கச் சொன்னேன், வழுக்கினாலும் குத்தக் கூடாதுன்னு. அலகும் பிடிக்குள்ள போற வாலும் ஒரே துண்டு. ரெண்டு பக்கமும் கொய்யா மரம், நடுவுல ஆணி. உறைக்கு ஒரு சாண் பிவிசி தண்ணிப் பைப்பை நான்தான் அடுப்புல வாட்டினேன். இளகினதும் கத்தியை உள்ள வச்சு ரெண்டு பலகைக்கு நடுவுல போட்டு மேல ஏறி உக்காந்துட்டேன். ஆறினதும் கத்தி அதுக்குள்ள டக்குன்னு உக்காருது, தலைகீழாத் தொங்கவிட்டாலும் விழ மாட்டேங்குது, கட்டை விரலால ஒரு தள்ளுத் தள்ளினா வெளிய வருது. தம்பி, அன்னைக்கு நான் ஆடினேன். உங்கப்பா கதவைச் சாத்திட்டாரு, பக்கத்துக் காம்பறாக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்கன்னு.

அஞ்சாறு சீசன் அதை வச்சு வேலை செஞ்சேன். மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் "அக்கா, எனக்கு ஒண்ணு"ன்னாங்க. நீ அப்ப பள்ளிக்கூடம் போற வயசு. நாலந்தாவுல ஒரு சிங்களப் பாஸ் இருந்தாரு, தோட்டத்துக்குக் கத்தி அடிச்சுக் குடுக்கிற கொல்லன், நல்ல மனுசன். அவருகிட்ட மாதிரியைக் காட்டினா நெறைய அடிச்சுத் தருவாருன்னு உங்கப்பாவை அனுப்பினேன். "பேப்பர்ல சுத்திப் பையில போட்டுக்கிறேன்"னாரு. "இடுப்புல கட்டிக்கிட்டுப் போங்க, அது எப்பிடித் தொங்குதுன்னு பாஸ் பார்க்க வேணாமா?"ன்னு நான்தான் என் கையால அவரு பெல்ட்டுல மாட்டி விட்டேன். டவுனைத் தாண்டி, அலுவிகாரைக்கு முன்னால, ஆமிக்காரங்க பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கியிருக்காங்க. பாதிப் பேருகிட்ட மடக்குக் கத்தி இருந்திருக்கு. மேசையில வச்சாங்க, திருப்பி எடுத்துக்கிட்டாங்க, அதை யாரும் ஒரு பொருட்டா நினைக்கல. இவரு கத்தி மட்டும் மேசையிலயே நின்னிருச்சு. வீட்டுல செஞ்சது, உறை போட்டது, சட்டைக்குள்ள இருந்தது, வச்சிருக்கிறவன் தமிழன், வடக்கப் பார்த்துப் போற பஸ். கத்தி மடங்கல, அது ஒண்ணுதான் குத்தம், பிடிச்சுட்டுப் போயிட்டாங்க.

மிச்சத்தை நீயே பார்த்த. என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நீயும்தான் முகாம் முகாமா நடந்த. இங்க இல்லம்பாங்க, அங்க போய்க் கேளும்பாங்க, அங்க போனா நாளைக்கு வாம்பாங்க. மழைக்காலம் தொடங்கும்போது போன மனுசன், மழை விட்டுத்தான் வந்தாரு, வேற யாரோ ஒருத்தர் சட்டையைப் போட்டுக்கிட்டு. எடது காதுல அடிச்சிருக்காங்க, அந்தக் காது அன்னைக்கோட போச்சு. ரெண்டு கையும் நடுங்குச்சு. பிட்டர் வேலையைத் திரும்பக் குடுக்கல, மிளகு காயப் போடுற களத்துல காவலுக்குப் போட்டாங்க. உங்க அத்தை வந்து என் முன்னால மண்ணை வாரி எறிஞ்சா.

நான் அழுதேன், இல்லைன்னு சொல்லல. ஆனா தம்பி, இதைக் கேட்டுக்க: அந்தக் கத்தியைச் செஞ்சதுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. வருத்தப்படவும் மாட்டேன். என் விரலைக் கடிக்காத ஒரு கத்தியை நான் செஞ்சேன், அதுல என்ன பாவம்? அடிச்சவன் பாவத்தை நான் எதுக்குச் சுமக்கணும்? எனக்கு வந்தது கோவம். அந்தக் கோவம் இன்னும் ஆறல. ஆனா கோவத்துக்கு நடுவுல ஒண்ணு வெளங்குச்சு. நான் கையை யோசிச்சேன், ஏணியை யோசிச்சேன், கீழ நிக்கிறவ மண்டையைக்கூட யோசிச்சேன், ரோட்டை யோசிக்கல. கத்தி மரத்துலயே இருக்காது, மனுசனோட வீட்டுக்குப் போகும், பஸ்ல ஏறும், மேசையில படுக்கும். நம்ம நாட்டுல நம்ம ஆளுக்கு ஒரு சாமான் செய்யணும்னா, அந்த மேசையில அது எப்பிடிக் கிடக்கும்னும் பார்த்துத்தான் செய்யணும். இதை நீ பட்டறைச் சுவத்துல எழுதி வச்சாலும் தப்பில்ல.

அப்ப என்ன வேணும்? மடங்கவும் வேணும், மடங்கவும் கூடாது. பைத்தியக்காரத்தனமா இருக்கா? எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. உன்னோட கவராயத்தை நான் ஒடைச்சேனே, ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு மொத நாள். அதோட மூட்டு எப்பிடி இறுகிப் பிடிக்குதுன்னு பார்க்கக் கழட்டினேன், திரும்ப மாட்டத் தெரியல. "உலகத்துல எல்லாருக்கும் அம்மா இருக்காங்க, எனக்கு மட்டும் ஏன் இப்பிடி ஒண்ணு?"ன்னு நீ கத்தினது அந்த லயத்துல எல்லாருக்கும் கேட்டுச்சு. நான் உனக்கு ஒரு சமாதானமும் சொல்லல, ஏன்னா என் மண்டைக்குள்ள அந்த மூட்டுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாவம் நீ, பக்கத்து வீட்டுப் புள்ளைகிட்டக் கெஞ்சி வாங்கிட்டுப் போன.

வழி கிடைச்சது எங்க தெரியுமா, உங்கப்பா தாடையில. அவரு கை நடுங்கினதால நான்தான் அவருக்குச் சவரம் பண்ணி விடுவேன். அவங்க அப்பாவோட பழைய சவரக்கத்தி. ஒரு நாள் சோப்பைப் போட்டுட்டுக் கத்தியை விரிச்சுப் பிடிச்சவ அப்பிடியே நின்னுட்டேன். சவரக்கத்திக்கு ஆணிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வால் இருக்குமே, சுண்டு விரலை வைக்கிறது? அந்த வாலை நீட்டினா? கத்தியை விரிச்சதும் வால் பின்னால வந்து பிடியோட முதுகுல படுத்துக்கும். நீ பிடியைப் பிடிக்கும்போது வாலையும் சேர்த்துத்தான் பிடிப்ப. கத்தி மடங்கணும்னா வால் எந்திரிக்கணும், வால் எந்திரிக்கணும்னா உன் கை விடணும். கை விடாத வரைக்கும் மடங்காது! விரிக்கிறதுக்கும் பல்லு வேணாம், கட்டை விரலால வாலை ஒரு அமுக்கு அமுக்கினாப் போதும். உங்கப்பா பாதி மூஞ்சி சோப்போட "என்ன, வெட்டப் போறியா, விடப் போறியா?"ன்னு கேட்டாரு. மிச்சப் பாதியைச் சாயங்காலந்தான் வழிச்சு விட்டேன்.

அதுக்கப்புறம் வருசக் கணக்கா அட்டையில வெட்டினேன், கமுகு மட்டையில வெட்டினேன், தகரத்துல வெட்டினேன். உங்கப்பா தொடவே மாட்டேன்னுட்டாரு. கத்தின்னு சொன்னாலே எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. நானும் கேக்கல. தகரத்துல வெட்டின மாதிரிக் கத்தி ஜன்னல்ல அது பாட்டுக்குக் கிடந்துச்சு. நீ வேலை பழக டவுனுக்குப் போன பிறகு ஒரு நாள், நான் கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கேன், மனுசன் அதைக் கையில எடுத்து மடக்கி விரிச்சுப் பார்க்கிறாரு. "வால் நீளம் பத்தாது. உள்ளங்கைக்குப் பாதி வரைக்கும் வரணும்"ங்கிறாரு. நான் தலையைத் தூக்கல. தூக்கினா அழுதிருப்பேன், அவரும் அதைக் கீழ வச்சிருப்பாரு. "அப்ப நீங்களே வெட்டிக் காட்டுங்க"ன்னேன். வெட்டினாரு.

ரெண்டு பேரும் சேர்ந்து ரெண்டு கத்தி செஞ்சோம். விவரத்தைச் சொல்றேன், கவனமாக் கேட்டுக்க. அலகு அதே வாள் இரும்புதான், மடக்குக் கத்தியைப் போல ரெண்டு மடங்கு தடிப்பு. ஓட்டை போட்டு முடிச்ச பிறகு திரும்பச் சிவக்க வச்சுத் தேங்காய் எண்ணெய்யில தோய்க்கணும், தண்ணியில போட்டியோ வெடிச்சுடும். பிடிக்கு மரமும் வேணாம் கொம்பும் வேணாம். பழைய இரும்புத் தண்ணிப் பைப்பைத் தட்டி மடிச்சு எடு, வாய் ஒரு பக்கம் தெறந்து இருக்கணும், முதுகு ஒரே துண்டா இருக்கணும். முதுகுல வால் படுக்கிறதுக்கு ஒரு வாய்க்கால் வெட்டு. ஆணி ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அது பித்தளை வேணாம், இரும்பு, மடக்குக் கத்தி ஆணியைப் போல மூணு மடங்கு. மழையில துரு ஏறும், ஏறட்டும், அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்ச்சாப் போயிடும். நான் அதை மிளகு மலையில முள்முருங்கைக் கணுவுக்குள்ள குத்தி, என் பாரம் முழுசையும் போட்டு அழுத்திப் பார்த்தேன். மடங்கல. மூடிட்டாச் சட்டைப் பையில மத்த மடக்குக் கத்தி மாதிரிதான் கிடக்குது.

உன் கடிதம் வந்த பிறகு, மாதிரியை அனுப்புறதுக்கு முன்னால, மேசையில அது எப்பிடிக் கிடக்கும்னு பார்க்கணும்னு தோணுச்சு. உங்கப்பாகிட்டக் கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போன வாரம் பஸ் ஏறினேன். ஆமாம், உன்னைப் பார்க்க வந்தேன்னு சொன்னேனே, அன்னைக்குத்தான். வரும்போது அதே எடத்துல இறக்கினாங்க. ஒரு பொம்பளைப் புள்ள என் பையைத் தடவிப் பார்த்து, கத்தியை எடுத்து மேசையில வச்சா. மீசை சரியா மொளைக்காத ஒரு ஆமிக்காரப் பையன், "மேக்க மொகக்த, அம்மே?"ங்கிறான். இது என்னன்னு கேக்குறான். "கம்மிரிஸ் கத்தி மகாத்தயா, மிளகு வெட்டுறது"ன்னேன். விரிச்சான். மேசை விளிம்புல குத்தி மடக்கப் பார்த்தான், மடங்கல. இன்னொருத்தனைக் கூப்பிட்டுக் காட்டினான், அவனும் குத்திப் பார்த்தான். வாலை அமுக்குறதும் மூடுறதும், அமுக்குறதும் மூடுறதும், விளையாட்டுச் சாமான் கிடைச்ச மாதிரி. அப்புறம் அவன் பாட்டுக்கு அதைத் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டு என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். "ஐயோ, என் கத்தி!"ன்னேன். "யன்ன அம்மே, யன்ன"ன்னு, போ போன்னு விரட்டுறான். வந்த கோவத்துக்கு உன்கிட்ட ஒரு வார்த்தை ஒழுங்காப் பேசல, நீ போட்ட டீயைக்கூட முழுசாக் குடிக்காம வந்தேன். இப்ப ஏன்னு தெரிஞ்சிருக்கும்.

வீட்டுக்கு வந்து உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் கக்கினேன். அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே! கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. "நல்ல கத்தின்னு ஆமியே முத்திரை குத்திருச்சு, இனி என்ன?"ங்கிறாரு. நானும் கூடச் சிரிச்சேன். சரி, பையனுக்கு எழுதிடுவோம்னுதான் நேத்துப் பகல்ல இதை எழுத உக்காந்தேன். மேல இருக்கிறது அத்தனையும் நேத்து எழுதினது. ஆனா எழுத எழுத ஒண்ணு அறுத்துக்கிட்டே இருந்துச்சு. என்னை விட்டாங்க, ஏன் விட்டாங்க? கத்தி மடங்குறதுனாலயா, நான் முடி நரைச்ச பொம்பளைங்கிறதுனாலயா? என்னைப் பார்த்து எவன் பயப்படப் போறான்? நீ செஞ்சு விக்கப்போறது என்னை மாதிரிக் கிழவிகளுக்கு மட்டுமா? இடுப்புல சொருகிக்கிட்டுப் போறவன் எல்லாம் ஆம்பளை. அவனுங்கள்ல ஒருத்தனை நம்ம கத்தியால கூட்டிட்டுப் போனா, அவன் பொஞ்சாதியும் புள்ளையும் முகாம் முகாமா நடந்தா? சாயங்காலம் இதை உங்கப்பாகிட்டச் சொல்லிக் கத்தினேன். "ஒரு ஆம்பளை அதை வச்சுக்கிட்டு அந்த எடத்தைத் தாண்டிப் போற வரைக்கும் என் புள்ளை அதைச் செய்யக் கூடாது, நான் விட மாட்டேன்"னேன். நல்ல காதுப் பக்கமா நின்னு கத்தினேன் போல.

இப்ப விடிஞ்சிருச்சு. உங்கப்பா தலைக்குக் குளிச்சுட்டு வந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போடுறாரு. கல்யாண வீட்டுக்கா போறீங்கன்னு கேட்டேன். "பையன் பட்டறையைப் பார்க்கப் போறேன்"ங்கிறாரு. ரெண்டாவது கத்தியை அவரே எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டாரு.

அப்பா ஒரு நாளும் பட்டறைக்கு வந்து பார்க்கலைன்னு உனக்கு ஒரு மனக்கொறை. பால் காய்ச்சின அன்னைக்குக்கூட வரல. நீ என்கிட்டக் கேட்டப்ப முழங்கால் வலின்னு மழுப்பினேன். முழங்கால் நல்லாத்தான் இருக்கு. டவுன் மார்க்கட்டு வரைக்கும் போவாரு, அதுக்கு அந்தப் பக்கம் அவரு கால் வச்சதில்ல. உன் பட்டறை அந்தப் பக்கம் இருக்கு. அவ்வளவுதான் விசயம். அவருக்கு உன் மேல பாசம் இல்லாம இல்ல, பயம் விடல.

நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். வேணாங்க, கத்தியும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், பையன் கேட்டும் கிரில்லும் ஒட்டட்டும்னேன். எடது பக்கமா நின்னு ஆமிக்காரன் "நில்லு"ன்னு சொன்னா உங்களுக்குக் கேக்காதே, கேக்காம நீங்க பாட்டுக்கு நடந்தா அவன் என்ன நினைப்பான்னேன். "வலது காதை அவன் பக்கம் திருப்பிக்கிட்டு நிப்பேன்"ங்கிறாரு. சுட்டுட்டா? "அம்பது பேரு நிக்கிற எடத்துல எவன் சுடுவான், பேசாம சோத்தைக் கட்டு"ங்கிறாரு. "நேத்து நீ சொன்னது சரிதான். ஒரு ஆம்பளை போய்ப் பார்க்கணும். எவனோ ஒருத்தன் ஏன் போகணும், செஞ்சவன் நான்தானே போகணும்"னாரு. வாய் வளர்த்தவ நான்.

கை நடுங்குதான்னு பார்த்தேன். சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கிட்டாரு.

சோறு கட்டியாச்சு. நெத்திலிக் கருவாடு, பருப்பு, பாகற்காய்ப் பொரியல், உனக்குப் பிடிச்சது. கடிதத்தைச் சட்டைப் பையில வச்சா எடுத்துப் படிக்கச் சொல்லுவாங்களோன்னு பயம், கத்தி கத்தின்னு ஏகப்பட்ட எடத்துல எழுதியிருக்கேன். அதனால வாழை இலைக்கும் பேப்பருக்கும் நடுவுல மடிச்சு வைக்கப் போறேன். எண்ணெய் பட்டிருந்தாக் கோவிச்சுக்காத. அவருகிட்ட இதைச் சொல்லல, சொன்னா அந்த மேசைக்கிட்ட நின்னு சோத்துப் பார்சலையே பார்த்துக்கிட்டு இருப்பாரு.

வாசல்ல நின்னு கூப்பிடுறாரு, பஸ் போயிடுமாம். இனி எழுத நேரமில்ல. நீ இதைப் படிக்கிறேன்னா, சோத்தைப் பிரிச்சாச்சு, உங்கப்பா உன் முன்னால உக்காந்திருக்காரு. அப்பிடின்னா செய்யி, தம்பி. எத்தனை வேணும்னாலும் செய்யி, அம்மா சரின்னுட்டேன். ஆனா அதுக்கு முன்னால, அவரு சாப்பிடட்டும், நீ எந்திரிச்சுப் போய் நம்ம சந்திக் கடைக்கு ஒரு போன் எடு. வேற ஒண்ணும் பேச வேணாம், அப்பா வந்துட்டாருன்னு மட்டும் சொல்லு. நான் அந்தக் கடை வாசல்லதான் நிக்கிறேன்.

அம்மா